சிறைக்கு எடுத்த உபயம்

நியாயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. இருளப்பன் பார்த்திருக்கிறான். அது சுண்ணாம்பால் ஆனது. ஒரு ஆள் இரண்டு காலையும் ஒட்டி வைத்து நிற்கிற அளவுக்குக் கட்டம் கட்டமாக, மலாய் நாட்டில், பாக்கார் ஆராங் என்கிற ஊர்ப் பக்கம், வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய ரப்பர் கிடங்கின் முற்றத்தில் போடப்பட்டிருந்தது. அந்தக் கிடங்கைத்தான் ஜப்பான்காரன் சிறையாக்கியிருந்தான். ரப்பர் ஷீட்டுகள் தொங்கிய கழிகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்குக் கீழே மனிதர்களைப் போட்டான். புகைவாடை மட்டும் போகவே இல்லை.

இருளப்பன் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவன். அரிசி கண்ணில் படாத காலம் அது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பித்தளைச் சாமானைத் துலக்கிக் கொடுக்க, அவன் அவற்றைச் சுங்கை பட்டாணி டவுனில் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினான். முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் நின்றான். சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்பது சட்டம். இடுப்பை வளைத்தால் மூட்டை சிப்பாயின் காலில் விழும். ஆகவே சுமை தூக்கிப் பழகியவன் எவனும் செய்வதை அவன் செய்தான். தலையை நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி ஒரு முறை இறங்கி ஏறினான். மரியாதை போதவில்லையோ என்று இன்னொரு முறையும் இறங்கி ஏறினான். சிப்பாய்க்கு அது கூத்தாகத் தெரிந்தது. அறைந்தான், மூட்டையைப் பறித்தான். இடுப்பு வளையாமல் வணங்கிய குற்றத்துக்கு ஒரு மாதம் என்று தீர்ப்பானது. வீட்டில் சிகப்பிக்கு அப்போது ஆறாம் மாதம். தலைச்சன் பிள்ளை.

சிறைக்கு அதிகாரி இனோவே என்பவர். தோட்டத்து ஆட்களுக்கு அதிகாரம் உள்ளவன் எவனும் துரைதான். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்ததற்காகச் சொல்லை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு நேரமில்லை. இனோவே துரை போருக்கு முன் தன் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவராம். பிள்ளைகளிடம் காட்ட முடியாமல் மிச்சமிருந்த கணக்கையெல்லாம் இங்கே கொண்டுவந்திருந்தார்.

அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொன்னவர் கார்த்திகேசு கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலும் சிறைக் கிராணி, அதாவது குமாஸ்தா. சில மாதங்களில் ஜப்பான் மொழி படித்துக்கொண்டவர். துரை நாலு வார்த்தை பேசினால் இவர் நாற்பது வார்த்தை சொல்வார். துரை அரைமணி கத்தினால், "சந்தோசம் எண்டு சொல்லுறார்" என்று முடித்துவிடுவார். இருளப்பன் போய்ச் சேர்ந்த அன்று, தோக்கியோ நேரப்படி விடிந்து, சுங்கை பட்டாணி நேரப்படி கோழிகூடக் கூவாத வேளையில், எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தித் துரை பேசினார்.

"வெள்ளைக்காரனின் நீதி குருட்டு நீதி. எவன் குற்றம் செய்தானோ அவனைப் பிடித்தான். அதனால் சிறையில் ஒரு இனம் கூடியது, ஒரு இனம் குறைந்தது. இது ஓரவஞ்சனை. இந்தச் சிறை மாவட்டத்தின் கண்ணாடி. வெளியே எந்த இனத்துக்கு எத்தனை பங்கோ, உள்ளேயும் அத்தனை பங்கு. எந்த இனமும் தனக்குச் சேர வேண்டிய சிறையை இழக்க நாம் விடமாட்டோம்."

இதற்காகத்தான் கட்டங்கள். இடப்பக்கம் மலாய்க்காரர்களுக்கு, நடுவில் சீனர்களுக்கு, வலப்பக்கம் தமிழர்களுக்கு. யாழ்ப்பாணத்தாருக்குக் கட்டம் இல்லை. அவர்கள் வேறு வகை என்று கார்த்திகேசு துரையிடம் முன்கூட்டியே விளக்கிவிட்டு, படியின் மேல் நின்றுகொண்டார். வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி உண்டா என்று யாரோ கேட்டதற்கு, அவனும் இனவாரியாகத்தான் எண்ணினான், ஆனால் எண்ணி எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவான், இவர் எண்ணினதைச் செய்து காட்டுகிறார் என்று பெருமையாகவே சொன்னார்.

சைக்கிள் டயர் திருடிய அப்பளசாமி மட்டும் எந்தக் கட்டத்திலும் நிற்காமல் ஒதுங்கி நின்றான். தான் தெலுங்கன் என்றும், தெலுங்கர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்றும் நல்ல தமிழில் கேட்டான். துரை வெகுநேரம் யோசித்தார். பிறகு, திருடும்போது எந்த மொழியில் பேசினாய் என்று விசாரித்தார். தனியாகத்தான் போனேன், யாரிடமும் பேசவில்லை என்றான் அப்பளசாமி. பேசாமல் திருடியவனைப் பக்கத்தில் இருக்கிற இனத்தோடு சேர்க்கலாம் என்று தீர்ப்பாகி, அவன் இருளப்பனுக்கு அடுத்த கட்டத்தில் வந்து நின்றான். இதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுவதும் சிரித்தார்கள்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. மீன் விற்கிற ஆ செங் என்கிற சீனன் அங்கே இருந்தான். இருளப்பனுக்கு அவ்வப்போது ஒரு துண்டு கருவாடு கொடுப்பவன். சீனர்கள் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டதால் மாவட்டத்தில் சீனர் பங்கு குறைந்துவிட்டது என்று துரைக்குத் தகவல் வந்தது. மறுநாள் காலையில் நடுப்பக்கம் கட்டங்கள் குறைந்திருந்தன. முந்தியவர்கள் ஓடி நின்றுகொண்டார்கள். ஆ செங் கால்சட்டைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்தான். அவனுக்குக் கட்டம் இல்லை. கட்டம் கிடைக்காதவர்களைத் தார்ப்பாய் மூடிய லோரியில் ஏற்றினார்கள். லோரி திரும்பி வந்தபோது காலியாக இருந்தது, ஆனால் கழுவியிருந்தார்கள். கண்ணாடி துடைக்கப்பட்டது என்று துரை சொன்னதாகக் கார்த்திகேசு சொன்னார். அன்றைக்கு அவர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இருளப்பன் வேட்டி அவிழ்ந்தாலும் பரவாயில்லை என்று முதல் ஆளாக ஓடிப்போய்த் தன் கட்டத்தில் நின்றான்.

ஒரு மாதம் முடிந்தது. அவன் கிராணியிடம் போய்க் கும்பிட்டு, புறப்படலாமா என்று கேட்டான். கார்த்திகேசு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"உம்மட தண்டனை முடிஞ்சுது எண்டது சரி. உம்மட இனத்துக்கு இன்னும் முடியேல்லை. தமிழ்ப் பக்கம் இப்பவே ரெண்டு கட்டம் வெறுமையாக் கிடக்குது. நீரும் போனால் மூண்டு. இன்னொரு தமிழன் வந்தால்தான் நீர் போகலாம், விளங்குதே?"

இருளப்பனுக்கு விளங்கவில்லை. கிழங்கு கொண்டுவந்த மச்சான் குழந்தைவேலுவிடம், அதாவது சிகப்பியின் அண்ணனிடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளங்காததை விளங்காதபடியே சொன்னான். குழந்தைவேலு கேட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். சிகப்பி அழுதாள். மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். லயத்தாரின் கிழங்குக்காகப் போனவன் அவன், விட்டுவிட முடியாது.

சுங்கை லாலாங்காரர்கள் தப்பு செய்தது அந்தக் கூட்டத்தில்தான். அவர்கள் சிறையைக் கோயில் மாதிரி நினைத்துவிட்டார்கள். திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையையும் செலவையும் ஒவ்வொரு கூட்டத்தார் ஏற்பார்கள். அதற்கு உபயம் என்று பேர். சண்டை வந்ததிலிருந்து திருவிழா இல்லை, உபயம் எடுக்க வழியில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள்: ஒரு தமிழன் போனால் ஒரு தமிழன் வரலாம் என்றால், முறை வைத்துப் போவோம். மேல் லயம் கொஞ்ச நாள், நடு லயம் கொஞ்ச நாள், கீழ் லயம் கொஞ்ச நாள். யாருக்கும் பாரம் இருக்காது. எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. உடனே முதல் உபயம் யாருக்கு என்று அடிதடி ஆரம்பித்தது.

"கொடியேத்தம் எப்பவும் மேல் லயத்து உபயம்லா," என்றார் முருகையா கங்காணி. "எங்கப்பன் காலத்துலேருந்து நடக்குது. ஜெயிலுங்கறதுக்காக விட்டுக்குடுத்துருவமா?"

கடைசியில், மைத்துனன் முறை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி முதல் உபயத்தைக் குழந்தைவேலுவுக்குக் கொடுத்தார்கள். கங்காணி கோபித்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் குழந்தைவேலுவுக்குச் செம்பருத்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, சிறை வாசல்வரை வந்து விட்டுப் போனார்கள். குற்றம் செய்யாதவனை உள்ளே விடமாட்டார்களாம். அவன் சிறைக்கு முன்னால் இருந்த மரவள்ளிச் செடி ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காவலுக்கு இருந்த மலாய்க்கார மாத்தா, அதாவது போலீஸ்காரர், நல்லவர்; அதைத் திரும்ப நட்டுவிட்டு வீட்டுக்குப் போ தம்பி என்றார். குழந்தைவேலு இன்னொன்றைப் பிடுங்கினான். மூன்றாவது செடியில்தான் கைது செய்தார்.

"கெளம்பு மாப்ள, தங்கச்சி காத்துக்கிட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவன் வந்து வெற்றுக் கட்டத்தில் நின்றான். இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். ஆனால் இரண்டு காலிக் கட்டத்தில் ஒன்றுதான் நிறைந்தது, மற்றதும் நிறையாமல் யாரும் போகக் கூடாது என்றார்கள். அடுத்த உபயக்காரன் வந்தான். அவனையும் சேர்த்ததில் சிறையில் மொத்த ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆகவே மற்ற இனத்தாரின் பங்கும் கூட வேண்டும். ஆகவே பாசாரில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த நாலு பேரைப் பிடித்துவந்தார்கள். அவர்கள் வந்ததும் தமிழர் பங்கு மறுபடி குறைந்தது. புதுக் கட்டம் போட்டார்கள். இடம் போதாமல் முற்றத்துச் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். கட்டியவர்களும் கைதிகள்தான். ஒவ்வொரு உபயத்துக்கும் இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டதும், பிறகு எடுத்ததும்தான் மிச்சம்.

நடு லயத்தார் உறுமி மேளத்தோடு வந்த அன்று துரை வாசலுக்கே வந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதாகக் கார்த்திகேசு பிறகு சொன்னார். மறுநாள் பேச்சு நீளமாக இருந்தது.

"தன் குற்றத்தைத் தானே சுமந்துவந்து ஒப்படைக்கும் இனத்தை இங்கேதான் கண்டேன். என்ன குற்றம் என்று நாம் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. மற்ற இனங்களும் மாலை போட்டுத் தங்கள் ஆட்களை அழைத்துவர வேண்டும். அப்படி நடந்தால் போலீஸ்காரர்களுக்கு வேலை இருக்காது. அவர்களையும் உள்ளே வைக்கலாம்."

காவலுக்கு நின்ற மாத்தா இதைக் கேட்டு, தன் காலடியில் கட்டம் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டங்களுக்கு வேறு லோரிகள் வர ஆரம்பித்தன. சயாமில் ரயில்பாதை போடுகிறார்களாம், நல்ல சம்பளமாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம். முதலில் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராமல் போகவே, கூப்பிட்டால் ஆள் வரவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பாடாங் மேஹா தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் களத்துக்கு வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அடுத்த செய்தியைச் சிகப்பியே கொண்டுவந்தாள். நிறைமாத வயிற்றோடு சுங்கை லாலாங்கிலிருந்து நடந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. கங்காணி போய்விட்டார். பெரட்டில் நின்ற எல்லாரும் போய்விட்டார்கள். கொட்டகையில் காய்ச்சலாகப் படுத்திருந்தவனையும் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். இத்தனை நாளும் எப்போது வருவாய் என்று கேட்டு அழுதவள், அன்று அழவில்லை.

"மூணு லயத்துலயும் ஆம்பள சத்தமே இல்ல. நீங்க உள்ளயே இருங்க. அண்ணனையும் இருக்கச் சொல்லுங்க. என்ன சொன்னாலும் வெளிய வந்துராதீங்க."

இருளப்பன் அவள் விரலை வேலியிடுக்கில் பிடித்துக்கொண்டான். சிறையில் கிடந்த உபயக்காரர்கள் எல்லாரும் மாரியம்மனுக்கு நன்றி சொன்னார்கள். தோட்டத்தில் மிஞ்சிய ஆண்பிள்ளைகள் அவர்கள்தான். கட்டம் இருக்கிறவரை கவலை இல்லை என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

மறுவாரம் ஒரு காலையில் வழக்கம்போல் ஓடிவந்தார்கள். வலப்பக்கம் ஒரே ஒரு கட்டம் இருந்தது. பழைய கட்டங்களைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. வாசலில் லோரியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆ செங்கை ஏற்றிய அதே லோரியோ என்று இருளப்பன் தார்ப்பாயைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. துரை மகிழ்ச்சியாக இருந்தார்.

"வெளியே உங்கள் இனம் குறைந்துவிட்டது. ஆகவே உங்கள் இனத்தின் குற்றமும் குறைந்துவிட்டது. இதற்கு நீங்கள் சயாமுக்குப் போன உங்கள் சகோதரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பங்குக்கு மேல் ஒருவரைச் சிறையில் வைப்பது அநீதி. அந்த அநீதியை நான் ஒரு நாளும் செய்யமாட்டேன். ஒருவர் இருந்தால் போதும். மற்றவர்களுக்கு இன்றே விடுதலை. நடந்து போகும் சிரமமும் இல்லை. சயாமுக்கு நேராக வண்டி நிற்கிறது."

தெலுங்குக்குத் தனிக் கட்டம் கேட்டேன், இப்போது தமிழனுக்கே ஒன்றுதான் என்று அப்பளசாமி முணுமுணுத்தான். அந்த ஒற்றைக் கட்டத்துக்கு எல்லாருமே பாய்ந்திருக்கலாம். பாய்ந்தால் குற்றம் சொல்ல, கதை சொல்கிற எனக்கு வாய் கிடையாது. ஆனால் குழந்தைவேலு இருளப்பனின் தோளைப் பிடித்து அதற்குள் தள்ளினான்.

"புள்ளத்தாச்சி புருசன் எல்ல தாண்டக்கூடாது. நில்லு மாப்ள."

மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போது புருசன் தேங்காய் உடைக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, எல்லை தாண்டிப் போகக் கூடாது. தெரிந்த முறைதான். கோயில் கூட்டத்தில் ஒரு விஷயத்துக்கும் ஒத்துப்போகாத மூன்று லயத்தாரும் இதற்கு மட்டும் ஒரு மறுப்புச் சொல்லவில்லை. எனக்காக வந்தவர்களடா நீங்கள் என்று இருளப்பன் கத்தினான். கட்டத்தை விட்டு வெளியே வரப் பார்த்தான். உபயம் எடுத்தவன் பாதியில் விட்டுப் போகலாமா என்று சொல்லிவிட்டுக் குழந்தைவேலு முதல் ஆளாக லோரியில் ஏறினான். முதல் உபயம் அவனுடையதுதானே. லோரி போனது. இருளப்பனின் கால்கள் கட்டத்தைத் தாண்டவில்லை. அந்தக் கால்களை அவன் வெறுத்தான். அன்று முழுவதும் அங்கேயே நின்று அழுதான்.

அதன்பிறகு அவன் ஒரே ஒரு தமிழனாக, ஒரே ஒரு கட்டத்தில் நின்றான். துரைக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் திருப்தி. பின்னமில்லாத கணக்கு என்று தட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் கார்த்திகேசு அவனிடம் வந்தார். சுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"உமக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருக்குது. தாயும் பிள்ளையும் சுகம்." இருளப்பன் அவர் கையைப் பிடிக்கப் போனான். அவர் பின்வாங்கினார். "பிறப்பு எண்டால் துரைக்கு அறிவிக்கிறது என்ர கடமை. அறிவிச்சிட்டன். அப்ப எனக்கு இது தோன்றேல்லை, ஐசே. சத்தியமாத் தோன்றேல்லை."

மறுநாள் காலையில் வலப்பக்கம் இரண்டு கட்டங்கள் இருந்தன. சுண்ணாம்பு புதிதாக, பளிச்சென்று இருந்தது. துரை முதலில் வாழ்த்துச் சொன்னார். தான் வந்தபிறகு இந்த மாவட்டத்தில் தமிழர் எண்ணிக்கை கூடியது இதுவே முதல் முறை. ஆனால் கூடிய எண்ணிக்கைக்கு உரிய கட்டம் காலியாக இருக்கிறது. வெளியே பிடிக்க ஆள் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டியவர் யாரோ, அவரே வந்து நிரப்புவதுதான் முறை. அவருக்கு இன்னும் நிற்கத் தெரியாது என்று கேள்விப்பட்டாராம். தாயார் தூக்கிக்கொண்டு நிற்கலாம், அதற்கு ஆட்சேபணை இல்லை. மாத்தா உடனே சைக்கிளில் சுங்கை லாலாங் போகட்டும்.

கார்த்திகேசு இதை ஒரு வார்த்தை கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லி முடித்தார். மாத்தா சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார்.

தோட்டத்துப் பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிநேகிதனுக்குக் காய்ச்சல் என்றால் பேர் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பவன் அவனுக்கும் சேர்த்து இருக்கேன் என்பான். இல்லாவிட்டால் அன்றைய அரிசி போய்விடும். கூப்பிடுகிறவருக்கும் அது தெரியும், தெரியாததுபோல் இருந்துவிடுவார். இருளப்பன் இடக்காலைத் தன் கட்டத்தில் வைத்தான். வலக்காலை எடுத்து அடுத்த கட்டத்தில் ஊன்றினான். இரண்டுக்கும் நடுவே கோடு தெரிந்தது.

"கிராணி ஐயா, துரைகிட்ட சொல்லுங்க. எம்மவன் உபயத்த நான் எடுத்துக்கிறேன். ரெண்டு கட்டத்துலயும் ஆள் இருக்கு."

கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் மொழியில் பேசினார். வெகுநேரம் பேசினார். இருளப்பன் சொன்னது அவ்வளவு நீளமில்லை. துரை படியிறங்கி வந்தார். குனிந்து, சிப்பாய்க்குக்கூடக் கிடைக்காத அளவு இடுப்பை வளைத்து, இருளப்பனின் காலைப் பார்த்தார். கோடு அழியவில்லை. இரண்டு கட்டத்திலும் பாதம் இருந்தது. காலி என்று சொல்ல முடியாது. நேர்மையான கணக்கு வாத்தியார் அவர். யோசித்து, யோசித்து, தலையை அசைத்தார். மாத்தா சைக்கிளைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார்.

ஆனால் கட்டத்தில் நிற்கிறவருக்குப் பேர் வேண்டும் என்றார் துரை. கார்த்திகேசு இருளப்பனைப் பார்த்தார். அவன் இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பேர் வைக்கிற சடங்கும் ஆகியிருக்காது. லோரி போன வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுப் பேரைச் சொன்னான்.

அன்றிலிருந்து காலைதோறும் அவன் கால் அகட்டித்தான் நின்றான். முதலில் இருளப்பன் என்று கூப்பிடுவார்கள். இருக்கேன் என்பான். அடுத்து குழந்தைவேலு என்று கூப்பிடுவார்கள். அதற்கும் அவன்தான், கொஞ்சம் மெல்லிய குரலில், இருக்கேன் என்று சொன்னான்.